தீர்ப்புக்கு முன்னால் மருந்து

போதை வழக்கில் சிக்கியவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் நீதிமன்றங்கள் அமெரிக்காவில் 1989-ல் பிறந்தன. அவற்றைப் பெருக்க அங்கே அரசுப் பணம் கொட்டப்படுகிறது. பெருக வேண்டியது நீதிமன்ற அறைகளா, அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மருத்துவமா?

2016-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஓவர்டோஸில் இறந்துபோனார்கள். மூவர் மீதும் அந்த நகர நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. சிகிச்சைக்கு அனுப்பி வைக்கும் போதை நீதிமன்றம் ஒன்றும் அங்கே ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், கைதாகும் நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவே பல நாட்கள் ஓடின. ஹெராயினில் அதைவிட வீரியமான ஃபென்டனில் கலந்து விற்கப்படும் காலத்தில், ஆளைக் கொல்ல அந்த இடைவெளியே போதும். பஃபலோ இருக்கும் ஈரி கவுன்ட்டியில் 2014-ல் 127 ஆக இருந்த ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் வகைப் போதை) மரணங்கள், இரண்டே ஆண்டுகளில் 300-ஐ எட்டியிருந்தன.

2017 மே மாதம் பஃபலோவில் ஓபியாய்டு நெருக்கடிக்கென்றே தனி நீதிமன்றம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் இதுதான் முதல். நீதிபதி கிரெய்க் ஹானா. தானும் போதையிலிருந்து மீண்டவன்தான் என்று வெளிப்படையாகச் சொல்பவர். கைதானவர் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் வழக்கு அப்படியே நிறுத்தி வைக்கப்படும். குற்றம் செய்தாரா இல்லையா என்ற பேச்சே அப்போது கிடையாது. சில மணி நேரத்துக்குள் அவர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு ஒரு மாதம் தினமும் நீதிபதி முன்னால் ஆஜராக வேண்டும். இரவில் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது.

மூன்றாண்டுகளுக்கு இதற்குக் கிடைத்த மத்திய அரசின் நிதி 3 லட்சம் டாலர். முதல் இரண்டு மாதங்களில் சேர்ந்த சுமார் 80 பேரில் ஒருவருக்குக்கூட ஓவர்டோஸ் ஆகவில்லை. வராமல் போன பத்துப் பேருக்குப் பிடிவாரண்ட் போக வேண்டியிருந்தது. அப்படிப் பிடிவாரண்ட் போட்டதன் நோக்கமும் அவர்கள் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்பதுதான்.

பஃபலோவுக்கு இதற்காகப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. புதுக் கட்டடமும் தேவைப்படவில்லை. மருந்து நோயாளியின் கைக்கு வரும் வேகத்தைத்தான் முக்கியமாக மாற்றினார்கள். போதை நீதிமன்றங்களை விரிவாக்குவது பற்றி அமெரிக்காவில் நடக்கும் வாதங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

மயாமியில் தொடங்கிய வழி

1980-களின் நடுவில் கிராக் கோக்கெய்ன் அமெரிக்க நகரங்களைப் பிடித்து ஆட்டியது. அரசு அதற்குக் கண்ட பதில் சிறை. 1986-ன் மத்தியச் சட்டப்படி, 5 கிராம் கிராக் விற்றவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு சிறை. தூளாக விற்கும் கோக்கெய்னுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் இருக்க வேண்டும். கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 100-க்கு 1 என்றிருந்த இந்த அநியாய விகிதம் 2010-ல்தான் 18-க்கு 1 என்று குறைக்கப்பட்டது, அப்போதும் சமமாகவில்லை.

கோக்கெய்ன் கடத்தலின் வாசலாக இருந்த மயாமியில் சிறைகள் நிரம்பி வழிந்தன. விடுதலையாகிப் போனவர்களே திரும்பத் திரும்ப வந்து நின்றார்கள். இந்தச் சுழலை எப்படி உடைப்பது என்று ஆராய்ந்து திட்டம் வகுத்தவர் நீதிபதி ஹெர்பர்ட் கிளைன். அன்றைக்கு அங்கே தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த ஜேனட் ரீனோ அதற்குத் துணை நின்றார். 1989-ல் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் தலைமையில் நாட்டின் முதல் போதை நீதிமன்றம் அமர்ந்தது. 'சிகிச்சைக்குப் போ, பரிசோதனைக்கு வா, என் முன்னால் வந்து நில். முடித்துவிட்டால் வழக்கு இல்லை' என்பதுதான் ஏற்பாடு.

ரீனோ 1993-ல் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனார். மறு ஆண்டு நிறைவேறிய பெரிய குற்றத்தடுப்புச் சட்டத்தில் போதை நீதிமன்றங்களுக்கென மத்திய அரசின் பணம் ஒதுக்கப்பட்டது. புதுச் சிறைகள் கட்ட மாநிலங்களுக்குப் பணத்தை வாரிக் கொடுத்ததும் அதே சட்டம்தான். ஒரு கை சிகிச்சைக்கும் மறு கை சிறைக்கும் செலவழிக்கும் இந்த இரட்டை மனம் இன்றுவரை போகவில்லை. இன்று போதை, மனநலம், குடும்பம், முன்னாள் படைவீரர்கள் என்று பலவகைச் சிகிச்சை நீதிமன்றங்கள் அமெரிக்காவில் 4,000-க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரிய பிரிவு, வயதுவந்தவர்களுக்கான போதை நீதிமன்றங்கள்.

மூன்று நிமிடம்

வழக்கமான கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் பேசுவதே அபூர்வம். வக்கீல் பேசுவார், வாய்தா கிடைக்கும், போய்விடுவார்கள். போதை நீதிமன்றத்தில் வேலை அதற்கு முன்பே, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் கூட்டத்தில் தொடங்குகிறது. நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், சிகிச்சை மையத்தின் கவுன்சலர், போலீஸ் தரப்பில் ஒருவர் என எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அன்றைக்கு வரப்போகும் ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். யார் கவுன்சலிங்குக்கு வரவில்லை, யாருக்கு வீடு போய்விட்டது, யாருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே வரும்.

பல ஊர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் ஒரு எண்ணுக்குப் போன் போட வேண்டும். பதிவுசெய்த குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். தன் நிறம் வந்துவிட்டால், அன்றைக்கே போய் ஊழியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறையாவது பரிசோதனை நடக்க வேண்டும் என்பது நெறிமுறை. சமையல் வேலையில் இருப்பவர் மதிய ஷிஃப்ட்டை விட்டுவிட்டு ஓட வேண்டும். குழந்தையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத் தாய் ஓட வேண்டும். இப்படி ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை, பல கட்டங்களாகப் போகும்.

விசாரணையில் நீதிபதி நேராகக் குற்றம் சாட்டப்பட்டவரிடமே பேசுவார். ராத்திரி தூக்கம் வருகிறதா, அம்மா பேசுகிறாரா, அந்தப் பழைய நண்பரோடு இன்னும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்பார். ஒழுங்காக நடந்தால் எல்லோர் முன்னாலும் பாராட்டு, கைதட்டல், கெடுபிடியில் தளர்வு. தவறினால் கூடுதல் கெடுபிடி, சமூகப் பணி, சில நாள் லாக்கப். ஒருவரிடம் சராசரியாக மூன்று நிமிடமாவது பேசும் நீதிபதிகளின் நீதிமன்றங்களில், மறுபடி குற்றம் செய்பவர்கள் வெகுவாகக் குறைவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மூன்று நிமிடம் ஒருவரை மரியாதையாகப் பார்த்துப் பேசுவது எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதைக் கோர்ட், போலீஸ், வேலை இடம் என்று எங்கு போனாலும் அவமானமே கண்டவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆய்வுகள் காட்டுவது

இந்த முறை வேலை செய்கிறதா என்பதற்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது. பால்டிமோர் நகரில் குலுக்கல் முறையில் சிலரைப் போதை நீதிமன்றத்துக்கும் சிலரை வழக்கமான கோர்ட்டுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில் வழக்கமான கோர்ட்டுக்குப் போனவர்களில் 81 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள். போதை நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அது 66 சதவீதம். 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வயதுவந்தோருக்கான 92 மதிப்பீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மறுபடி குற்றத்துக்குத் திரும்புவோர் 50 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைவதாகக் கணக்கிட்டது. 23 போதை நீதிமன்றங்களைப் பின்தொடர்ந்து 2011-ல் முடிந்த பெரிய ஆய்விலோ, 18 மாதங்களுக்குப் பிறகு எச்சில் பரிசோதனையில் போதை தெரிந்தவர்கள் 29 சதவீதம். ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் 46 சதவீதம். நீதிபதி தன்னை நியாயமாக நடத்துகிறார் என்று ஒருவர் நம்பினால், அந்த நம்பிக்கையே மாற்றத்தின் முக்கியக் காரணமாக இருந்தது என்பதும் அந்த ஆய்வு கண்டதுதான்.

இவை சின்ன மாற்றங்கள் இல்லை. என்றாலும், 66 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள் என்பதையும் மறந்துவிட முடியாது. சேர்ந்தவர்கள் எல்லோரும் முடிப்பதும் இல்லை. பல நீதிமன்றங்களில் பாதிப் பேர் வழியிலேயே விழுந்துவிடுகிறார்கள். முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லும் நீதிமன்றங்களில் இப்படி விழுவது மிகக் கொடியது. வாதாடும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர், ஒரு வருடம் போராடித் தோற்ற பிறகு, காத்திருந்த தண்டனையை முழுதாக அனுபவிக்க வேண்டும். குற்றவியல் வழக்கறிஞர்களின் தேசிய அமைப்பு 2009-லேயே இதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. அந்தக் கண்டனம் இன்றைக்கும் பொருந்துகிறது.

மருந்தைத் தடுத்த மேசை

போதை நீதிமன்றங்களின் வரலாற்றில் மன்னிக்க முடியாத பக்கம் மருந்து பற்றியது.

ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மூன்று மருந்துகள் இருக்கின்றன: மெத்தடோன், பியூப்ரநார்ஃபின், நால்ட்ரெக்சோன். மெத்தடோனை அதற்கென உரிமம் பெற்ற கிளினிக்கில்தான் கொடுக்கிறார்கள். விடியற்காலையில் வரிசையில் நின்று, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நர்ஸ் நீட்டும் சின்னக் கப்பை அவர் முன்னாலேயே குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பியூப்ரநார்ஃபின் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை அல்லது மெல்லிய தகடு. கைகால் நடுக்கம், வாந்தி, எலும்பைப் பிழியும் வலி என்று போதை நிற்கும்போது வரும் அவஸ்தையை இந்த இரண்டும் அடக்குகின்றன. வெறியைத் தணித்து, ஆளை நிதானத்தில் வைக்கின்றன. உயிரிழப்பைச் சுமார் பாதியாகக் குறைக்கின்றன.

இவ்வளவு தெரிந்தும், பல நீதிபதிகள் 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று கேட்டு இந்த மருந்துகளைத் தடுத்தார்கள். 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், ஏறக்குறைய எல்லாப் போதை நீதிமன்றங்களிலும் ஓபியாய்டு நோயாளிகள் இருந்தார்கள். மெத்தடோனோ பியூப்ரநார்ஃபினோ கிடைத்தது பாதிக்கும் குறைவான நீதிமன்றங்களில்தான். மருந்தால் தேறி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரைக்கூட 'அதை நிறுத்தினால்தான் திட்டத்தை முடித்ததற்கான பட்டமளிப்பு உனக்கு' என்று நிறுத்தச் சொன்ன நீதிமன்றங்கள் இருந்தன. மருத்துவம் படிக்காத ஒருவர், அதிகாரம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவர் எழுதிய சீட்டைக் கிழிப்பதற்கு இது சமம்.

லாக்கப் தண்டனையின் ஆபத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சில வாரம் போதை தொடாமல் இருந்தால் உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் ஓவர்டோஸில் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கண்டது. ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-ல் தன் சிறைகளில் மூன்று மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு ஓவர்டோஸில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஓராண்டுக்குள் சுமார் 60 சதவீதம் விழுந்தது.

ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று எந்த மருத்துவரும் நோயாளியை லாக்கப்பில் போடுவதில்லை. மருந்தின் அளவை மாற்றுகிறார். நிலை தேறாத ஒருவர் மறுபடி போதையைத் தொட்டுவிட்டால், தண்டனையைக் கூட்டாமல் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்று போதை நீதிமன்றங்களின் நெறிமுறைகளும் இப்போது சொல்கின்றன.

மாற்றம் மெதுவாக வந்தது. 2015 முதல், மருந்தைத் தடுக்கும் போதை நீதிமன்றத்துக்கு மத்திய நிதி கிடையாது என்ற நிபந்தனை வந்தது. 2022-ல் மத்திய அரசின் நீதித் துறை, மருத்துவர் எழுதிக் கொடுத்த இந்த மருந்துகளைத் தடுப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறுவது என்று அறிவித்தது. அந்த ஆண்டே பென்சில்வேனியா மாநில நீதிமன்ற அமைப்பின் மீது வழக்கும் போட்டது. ஒரு நீதிமன்ற அமைப்பே பிரதிவாதியாக நின்ற அந்த வழக்கு 2024-ல் சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் கிடைத்தது. 2022 டிசம்பரில் பியூப்ரநார்ஃபின் எழுத மருத்துவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற பழைய விதியும் நீக்கப்பட்டது. காகிதத்தில் தடைகள் விலகிவிட்டன. மருந்து எழுதும் மருத்துவரே பக்கத்தில் இல்லாத கிராமப்புறக் கவுன்ட்டிகளில் நீதிமன்றத்தின் கை இன்னும் வெறும் கைதான்.

வாசலுக்கு வெளியே

2008-ல் வெளியான அர்பன் இன்ஸ்டிடியூட் ஆய்வு ஒன்று, கைதாகிறவர்களில் சுமார் 15 லட்சம் பேருக்குப் போதைப் பிரச்சினை இருக்கலாம் என்று கணக்கிட்டது. அன்றைக்குப் போதை நீதிமன்றங்களில் இருந்தவர்கள் சுமார் 55,000 பேர். செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 2.21 டாலர் பலன் வருகிறது என்றும், பிரச்சினை உள்ள எல்லோருக்கும் கதவைத் திறந்தால் அது 3.36 டாலராக உயரும் என்றும் அதே ஆய்வு சொன்னது. அதிகச் சிக்கலில் இருப்பவர்களை உள்ளே விடும்போதுதான் பலன் அதிகம் என்பதே இதன் பொருள்.

நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. 'நல்ல ரிசல்ட்' காட்ட வேண்டும் என்பதற்காக, முதல்முறை சிக்கியவர், லேசாகப் பழகியவர், குடும்ப ஆதரவு உள்ளவர் என்று பொறுக்கியெடுக்கும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. வன்முறை வழக்குள்ளவர்களை மத்திய நிதிச் சட்டமே தடுக்கிறது. சிறைகளில் அதிகமாக இருக்கும் கறுப்பினத்தவர், போதை நீதிமன்றங்களில் குறைவாக இருக்கிறார்கள். உள்ளே வந்தவர்களும் பல இடங்களில் வெள்ளையர் அளவுக்கு முடித்துவிட்டுப் போவதில்லை. லைசென்ஸ் பறிக்கப்பட்டவர், பஸ் ஓடாத ஊரில், வாரம் இரண்டு பரிசோதனைக்கும் மூன்று கவுன்சலிங்குக்கும் எப்படிப் போவார்? அவர் வராததைச் சோம்பல் என்று எழுதிக்கொள்ளும் கோப்பு, பஸ் இல்லாததை எழுதிக்கொள்வதில்லை.

சிகிச்சையைக் கேட்டுவிட்டு அதற்கான வழியைக் கொடுக்காத இந்த இடத்தில்தான் கலிபோர்னியா இப்போது நிற்கிறது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஆதரித்த 36-வது முன்மொழிவு, போதை வழக்குகளில் திரும்பத் திரும்பச் சிக்குகிறவர்களுக்குச் சிகிச்சையைக் கட்டாயமாக்கும் புதுக் குற்றப்பிரிவைக் கொண்டுவந்தது. முடித்தால் வழக்கு தள்ளுபடி; முடிக்காவிட்டால் சிறை. ஆனால், அந்தச் சிகிச்சைக்கென்று தனிப் பணம் அந்த முன்மொழிவில் இல்லை. ஓரிகன் மாநிலம் 2020-ல் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்தது. சிகிச்சை மையங்கள் வேகமாக எழவில்லை. 2024-ல் மறுபடி குற்றமாக்கியது. ஒன்று கடுமை, மற்றது தளர்வு. இரண்டிலும் மனிதர்கள் சிகிச்சைக்குக் காத்துக்கிடந்ததுதான் மிச்சம்.

எதை விரிவாக்குவது?

பணம் இல்லாமல் இல்லை. மத்திய சுகாதாரத் துறையின் கீழ் போதை, மனநலப் பணிகளைக் கவனிக்கும் சாம்சா அமைப்பு, போதை நீதிமன்றங்களின் சிகிச்சைத் திறனை விரிவாக்குவதற்கென்றே மானியம் வழங்குகிறது. அண்மை ஆண்டுகளில் ஒரு நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கு 4 லட்சம் டாலர்வரை, ஐந்தாண்டுகள் கிடைக்கும்படி அறிவித்தது. ஓபியாய்டு மாத்திரைகளை நாடெங்கும் இறைத்த நிறுவனங்களும் விநியோகஸ்தர்களும் மருந்துக்கடைத் தொடர்களும் ஒப்புக்கொண்ட இழப்பீடு 5,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்தைச் செலவிடக்கூடிய பட்டியலில் சிகிச்சை நீதிமன்றங்களும் இருக்கின்றன. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு, சிறையிலிருந்து வெளியே வருவதற்கு முந்தைய 90 நாட்களின் மருத்துவத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் கலிபோர்னியாவுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன.

இந்தப் பணம் புது ஒருங்கிணைப்பாளர் பதவிக்கும் புதுப் பரிசோதனைக் கருவிக்கும் போய்விட்டால், கண்காணிப்புதான் விரியும். நடமாடும் மெத்தடோன் வண்டிக்கும், இரவிலும் திறந்திருக்கும் கிளினிக்குக்கும், மீண்டவர்களே துணையாளராக வேலை செய்யும் சம்பளத்துக்கும், பஸ் செலவுக்கும், தலைசாய்க்க ஒரு அறைக்கும் போனால் சிகிச்சை விரியும். கைதாவதற்கு முன்பே சிகிச்சைக்கு வர விரும்புகிறவருக்கும் அதே கிளினிக் திறந்திருக்க வேண்டும். கைவிலங்கு மாட்டினால்தான் மருத்துவர் கிடைப்பார் என்றால், அந்த ஊரில் நோயைவிடப் பெரிய கோளாறு இருக்கிறது.

அமெரிக்காவில் 2022-ல் ஓவர்டோஸ் சுமார் 1,08,000 பேரைக் கொன்றது. 2024-ல் தற்காலிகக் கணக்குப்படி அது சுமார் 80,000 ஆக இறங்கியிருக்கிறது. ஓவர்டோஸை முறிக்கும் நலாக்சோன் மூக்குத்தெளிப்பான் கடைகளில் கிடைப்பதும், மருந்து சிகிச்சை பரவியதும் இதற்கான காரணங்களில் சேரும். இறங்கும் வேகத்தைத் தக்கவைப்பதில் நீதிமன்றங்களுக்குப் பெரிய பங்கு இருக்க முடியும். ஏனென்றால், வேறு எந்த அரசு அலுவலகத்தின் வாசலையும் மிதிக்காதவர்கூடக் கோர்ட்டுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது.

எனவே, ஒரு மாநிலம் 'இத்தனை போதை நீதிமன்றங்கள் திறந்துவிட்டோம்' என்று அறிவிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கைதான எத்தனை மணி நேரத்தில் முதல் மாத்திரை கிடைக்கிறது? மருத்துவர் எழுதிய மருந்தை மாற்றும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறதா? திட்டத்தில் சேர்ந்தவர்களிலும் வழியில் விலகியவர்களிலும் ஓராண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் நீதிமன்றத்துக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கலாம். பதில் இல்லாத நீதிமன்றத்துக்கு ஒதுக்கியதை, பதில் வரும்வரை, அதே தெருவில் நோயாளிகளை வரிசையில் நிற்க வைத்திருக்கும் கிளினிக்குக்குக் கொடுத்துவிட வேண்டும்.